என் சீதனக் கிணறு

இஞ்சாருங்கோ,

வெள்ளவத்தையில் தங்கச்சியின் பிளாட்டில் இருக்கிறேன். ரயில் போனால் யன்னல் அதிர்கிறது, மற்றபடி குறையில்லை. ஆஸ்பத்திரியில் இனி ஊசி வேண்டாம், விரும்பியதைச் சாப்பிடலாம் என்று விட்டார்கள்.

கிணற்றுக் காணியை ஊர் மாதர் சங்கத்துக்கு எழுதிக்கொடுக்க உங்களிடம் எத்தனையோ தரம் கையெழுத்துக் கேட்டேன். "பெண்டுகளுக்கு இறைப்பைப் பற்றி என்ன தெரியும்?" என்றீர்கள். நீங்கள் சவூதியில் இருந்த காலமெல்லாம் வெங்காயத்துக்கு இறைத்தவள் நான்.

நேற்று ஹெவ்லொக் டவுனில் ஒரு பெண் சட்டத்தரணியைப் பார்த்தேன். என் சீதனக் காணியானாலும், எங்கள் யாழ்ப்பாணத் தேசவழமைச் சட்டப்படி புருசனான உங்கள் சம்மதமில்லாமல் கொடுக்க முடியாதாம்.

"மரண சாசனமெண்டா அவரின்ரை கையெழுத்துத் தேவையில்லை, அக்கா. ஆனா நீங்கள் இருக்குமட்டும் சங்கத்துக்குக் காணி போகாது" என்றார் சட்டத்தரணி.

"ஓம், அது காணும், எழுதுங்கோ" என்றேன்.

கூட வந்த தங்கச்சி ஏனோ வெளியே போய் நின்றாள்.

கிணற்றுக் காணிப் படலைப் பூட்டின் திறப்பைச் சங்கத் தலைவி கனகேஸ்வரியிடம் கொடுத்துவிடுங்கள். கையெழுத்துக் கேட்டு இனி உங்களைக் கரைச்சல்படுத்த மாட்டேன். அடுத்த வெங்காய நடுகைக்கு முன்பே கிணறு அவர்கள் கைக்குப் போய்விடும். டொக்டரின் கணக்கும் அதுதான்.

இப்படிக்கு,
கிணற்றுக்குச் சொந்தக்காரி