புலிக்கு இன்று பசியில்லை

பாப்பாவின் அம்மாவுக்கு,

உங்கள் இருவரையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்ததாக லாரி டிரைவர் சொன்னார். இதையும் அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். சண்டை ஆற்றுப்பாலம் வரை வந்துவிட்டது. மிருகக்காட்சிசாலையில் இப்போது நான் ஒருவன்தான்.

"புலி முக்கியமா, நாங்க முக்கியமா?" என்று கிளம்பும்போது கேட்டாய்.

கறி வண்டி வருவது நின்றுபோனது. புலி ஒரே மூச்சில் முப்பது கிலோ தின்றுவிட்டுப் பல நாள் சும்மா கிடக்கும், இவளும் தாங்குவாள் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குக்கூட எழுந்து வரவில்லை. என் சோற்றை வைத்தேன். மோந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பாப்பா தன் மானைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடு. புட்டிப்பால் குடித்த பழக்கத்தில், நான் கூப்பிட்டதும் ஓடி வந்தது.

மான் கொட்டகையில் இனி எதுவும் இல்லை. புலிக்கோ மறுபடி பசிக்கும். டிரைவரிடம் எப்படியாவது கொஞ்சம் கறி கொடுத்தனுப்பு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

தின்று முடித்ததும் புலி கம்பியருகே வந்து மூக்கால் புஸ்புஸ்ஸென்று மெல்ல ஊதியது. வேண்டியவர்களைக் கண்டால் அது அப்படித்தான் ஊதும். புலிக்கு நான் இன்னும் நல்லவன்தான். பாப்பாவுக்கு?

உன் வீட்டுக்காரன்