ரைட் அங்கிள், முதலாம் ஆண்டு வரலாறு

ஜூலை 4

மூன்று வருஷம் ஒரு கல்லூரியையே கட்டி ஆண்ட எங்கள் வீட்டு வாலுக்கு,

சித்தப்பன் தலைவணங்கி எழுதுவது. நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லையென்றால் போனை எடுத்த எடுப்பிலேயே "மீட்டிங்ல இருக்கேன் சித்தப்பா" என்று அத்தனை தெம்பாகச் சொல்ல முடியாது. அதனால்தான் கடிதம். கடிதத்தை எந்த மீட்டிங்கும் தடுக்க முடியாது. தவிர, போனில் நான் ஒரு சங்கதியைக் கொஞ்சம் ஊதிப் பெருக்கினால் நீ நடுவில் சிரித்துக் காற்றைப் பிடுங்கிவிடுகிறாய்.

சேர்ந்துவிட்டேன். நம் மாடி அறையில் தங்கி நீ படித்தாயே, அதே கல்லூரி. முதலாம் ஆண்டு, வரலாறு. "இந்த வயசுல எதுக்கு சார் வரலாறு?" என்று விண்ணப்பம் வாங்கிய குமாஸ்தா கேட்டார். "பாதியை நேர்ல பார்த்துட்டேன், மீதிப் பாதியையும் தெரிஞ்சுக்கலாம்னுதான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரிப்புக்குத் தனிக் கவுண்டர் இருக்கும் போல.

முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றது. எழுந்த வேகத்தில் கூரை ஒரு முழம் மேலே போய்விட்டுத் திரும்பி வந்தது. என்னைப் பேராசிரியர் என்று நினைத்துவிட்டார்கள். முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். எனக்கு எதிரே நின்றவர்கள் எல்லாம் இடம் கிடைக்காமல் நின்றவர்கள். மரியாதைக்காக நின்றவர்களை அன்றுதான் பார்த்தேன். "உக்காருங்க, உக்காருங்க, தள்ளி உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார்கள். பிறகு எனக்கு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. ஓடும் வண்டியில் நின்றே பழகிய கால். பின்கதவுப் பக்கம் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உண்மையான பேராசிரியை அப்புறம் வந்தார். என் பச்சைச் சட்டையைவிட இரண்டு வயது இளையவராக இருப்பார். புத்தகத்தைத் திறந்து, "ஆரம்பிக்கலாமா?" என்றார். என்னைக் கேட்காமலேயே என் வாய், "ரைட், போலாம்" என்றது. மூன்றாம் மாடியில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பாதியில் புறப்பட்டுவிட்டதாகக் கேள்வி. அன்றிலிருந்து என் பெயர் ரைட் அங்கிள். மற்றவர்கள் மூன்று வருஷம் படித்து வாங்கும் பட்டத்தை நான் முதல் மணி நேரத்திலேயே வாங்கிவிட்டேன்.

ஆனால் சிரித்து முடித்ததும் எல்லாரும் முன்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பிறகு ஒருவரும் பின்னால் பார்க்கவில்லை.

தினமும் சாயங்காலம் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு நீ சொல்வாயே, கரடி, தொப்பி, ஊசி என்று பட்டப்பெயர்களோடு உன் கூட்டத்தின் கதை. உன் சித்தி அடுப்பை மறந்துவிட்டுக் கேட்பாள். அந்தக் கதைக்குள் போய் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கத்தான் இங்கே வந்திருக்கிறேன். சித்தி போன பிறகு என் கதைகளையெல்லாம் சுவருக்குச் சொல்லியாகிவிட்டது. இப்போது சுவரே கொட்டாவி விடுகிறது.

ஆகவே, தளபதி அவர்களே, போர்த் தந்திரங்களை உடனே அனுப்பு. ஆகஸ்ட் முடியும்வரை பார்ப்பேன். அதற்குள் ஒரு ஜீவனாவது என்னோடு பழகவில்லையென்றால் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழையபடி சுவரோடு குடித்தனம்.

அட்டை அணிந்த அடியேன்,
சித்தப்பா

*

ஜூலை 15

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். மூன்றாம் மாடியில் பரீட்சை ஹால் கிடையாது, ஸ்டோர் ரூம்தான். மற்றதை நம்புகிறேன்.

முதலில், நிற்காதீர்கள். இரண்டாம் வரிசையில் ஓரமாக ஓர் இடம் பிடித்து, தினமும் அதே இடத்தில் உட்காருங்கள். பார்த்துப் பழகிய முகத்தோடுதான் மனிதர்கள் பேசுவார்கள். கதை சொல்ல ஆரம்பிக்காதீர்கள். உங்களால் முடியாது என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். ஏதாவது கேளுங்கள். பேனா கேளுங்கள், நேற்றைய குறிப்பைக் கேளுங்கள். நமக்கு ஓர் உதவி செய்தவர்களுக்கு நம்மேல் கொஞ்சம் பிரியம் வந்துவிடும்.

பேராசிரியர்களின் அறைக்கு ஒரு சந்தேகத்தோடு போங்கள். அவர்கள் அங்கே காத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், யாரும் போவதில்லை. ஏதாவது ஒரு மன்றத்தில் சேருங்கள், ஒன்றில் மட்டும். கைக்கு வேலை இருக்கிற மன்றமாகப் பாருங்கள். கை வேலையாக இருக்கும்போது வாய் தானாகப் பேசும்.

கடைசி மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடிவிடாதீர்கள், சித்தப்பா. மணி அடித்த பிறகுதான் கல்லூரியே ஆரம்பிக்கிறது. ஒரு மணி நேரம் சும்மா இருங்கள். படிக்கட்டில், வராந்தாவில், எங்கேயாவது.

கேன்டீனில் தனியாக இருந்தால் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளாதீர்கள். படிக்கிற மாதிரி இருந்தால் ஒருவரும் வர மாட்டார்கள். கதவைத் தாழ் போட்ட மாதிரி அது.

எல்லாவற்றையும் முதல் மாதத்திலேயே செய்யுங்கள். அப்புறம் யார் யாரோடு என்பது சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். ஈரமாக இருக்கும்போதே கால் வைத்துவிட வேண்டும்.

மாத்திரையை வேளைக்குப் போடுங்கள்.

அன்புடன்,
வாலு

*

ஜூலை 30

தளபதிக்கு,

போர்க்களத்திலிருந்து செய்தி. வெற்றி மேல் வெற்றி. இடம் போதாமல் சிலதை மட்டும் எழுதுகிறேன்.

இரண்டாம் வரிசையில் அமர்ந்தேன். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு மாணவன். உன் உத்தரவுப்படி பேனா கேட்டேன். கொடுத்தான். கொடுத்த கையோடு தன் ராஜ்யத்தை ஓர் இருக்கை அப்பால் மாற்றிக்கொண்டான். சளைப்பேனா? முன்னால், பின்னால், நாலா பக்கமும் கேட்டேன். இப்போது என்னிடம் உள்ள பேனாக்களைக் கொண்டு இந்த உலகத்தின் மொத்த வரலாற்றையும் திருத்தி எழுதலாம்.

பேராசிரியையின் அறைக்குச் சந்தேகத்தோடு போனேன். பதறி எழுந்து நாற்காலி போட்டார். "சொல்லுங்க சார், உங்க பையன் எந்த வகுப்பு?" என்றார். "நான்தாங்க அந்தப் பையன்" என்றேன். பாவம், அப்புறம் என் சந்தேகத்துக்கு அவர் சொன்ன பதில் அவருக்கே புரிந்திருக்காது.

பேச்சு மன்றத்தில் சேர்ந்துவிட்டேன். மிகப் பெரிய பொறுப்பு. நான் கை வைக்காவிட்டால் அங்கே தலைவர்கூட உட்கார முடியாது.

மணி அடித்த பிறகும் இருந்து பார்த்தேன். படிக்கட்டில் கூட்டம் கூட்டமாகத்தான் இருக்கிறார்கள். நான் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டு வழி விடுகிறார்கள். மேலே போக வழி கேட்கிறேன் என்று நினைப்பு. வழி விட்டபிறகு போகாமல் இருக்க முடியுமா? மாடிக்குப் போய் ஸ்டோர் ரூமைப் பார்த்துவிட்டு இறங்கினேன். நீ சொன்னது சரி, பரீட்சை ஹால் இல்லை. நேற்று வாட்ச்மேன் வந்து, "பொண்ணைக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா சார்? எல்லாரும் போயாச்சே" என்றார்.

ஒன்று கேட்க மறந்தேன். கேன்டீனில் உங்கள் கூட்டம் உட்காரும் மேசை எது? கரடி ஏறி நின்று பிரசங்கம் செய்து மேசைக்காலை உடைத்தானே, அது. அதில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தால் எனக்கும் கொஞ்சம் அருள் இறங்கும்.

பேனா மன்னன்,
சித்தப்பா

*

ஆகஸ்ட் 9

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வேலை அதிகம், அதனால் சின்னக் கடிதம். மேசையெல்லாம் இப்போது மாற்றியிருப்பார்கள். தேடாதீர்கள். கரடி வெளிநாட்டில் இருக்கிறான். தொப்பிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. யாரோடும் இப்போது பேச்சு இல்லை.

வழி விட்டால் போகாதீர்கள். "நானும் இங்கதான் உக்காரப் போறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

அன்புடன்,
வாலு

*

ஆகஸ்ட் 20

என் வாலுக்கு,

தேடாதீர்கள் என்று எழுதியிருந்தாய். தேடாதே என்றால் உடனே தேடக் கிளம்புகிறவன் உன் சித்தப்பன் என்று தெரிந்தும் எழுதியது உன் தப்பு.

நேற்றுக் கூட்டம் குறைந்ததும், கேன்டீன் கல்லாவில் இருக்கும் அம்மாவிடம் உன் போட்டோவைக் காட்டினேன்.

"அட, இந்தப் பொண்ணா. உங்க மகளா?"

"அண்ணன் மக. என் மகள்னே வச்சுக்குங்க. இவ கூட்டம் உக்கார்ற மேசை எதும்மா?"

"கூட்டமா? அது தனியாத்தானே சாப்பிடும். அதோ, தண்ணித் தொட்டி பக்கத்துல சின்ன மேசை. புக்கை விரிச்சு வச்சுக்கும். ஒரு பக்கம் திருப்பி நான் பார்த்ததில்ல."

"கரடின்னு ஒருத்தன்... தொப்பி, ஊசி..."

"அதுங்களா? அதுங்க பக்கத்து மேசை. அதுங்க பண்ண அட்டகாசம் கொஞ்சமா? இந்தப் பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கும். தானா சிரிச்சுக்கும். அதுங்க திரும்பினா குனிஞ்சுக்கும்."

"ஒரு டீ குடுங்க" என்றேன். "கையில வச்சிருக்கீங்களே சார்" என்றார் அந்த அம்மா.

கோபம் இல்லை, மகளே. இந்தப் பூமியிலேயே பெரிய புளுகன் நான்தான் என்று இறுமாந்திருந்தேன். என் வீட்டிலேயே, என் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து, என்னையே மூன்று வருஷம் நம்ப வைத்திருக்கிறாய். தொழில்முறையில் எழுந்து நின்று சலாம் வைக்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வேறு ஒன்று தோன்றியது. நீ செருப்பைக் கழற்றுவதற்குள் உன் சித்தி கேட்பாள், "இன்னைக்குக் கரடி என்ன பண்ணான்?" நானும் கையில் தட்டோடு காத்திருப்பேன். நாங்கள் இப்படிக் கேட்டுக் கேட்டு, உண்மையைச் சொல்ல உனக்கு இடமே வைக்கவில்லையோ? ஆஸ்பத்திரியில் கடைசியாக அவள் உன்னைப் பற்றிச் சொன்னது இதுதான்: "அவளுக்கு ஆளுங்க இருக்காங்க. அவளைப் பத்திக் கவலை இல்ல." அந்த நிம்மதியை அவளுக்குக் கொடுத்தது நீ. அதைப் பொய் என்று எவனாவது சொல்லட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

என் பங்குக்கும் கேட்டுக்கொள். பேச்சு மன்றத்தில் நான் நாற்காலி போடுகிறேன். அவர்கள் வருவதற்கு முன்னால் போட்டு, போன பிறகு அடுக்குகிறேன். கை வேலையாகத்தான் இருக்கிறது. வாயோடு பேசத்தான் அந்த நேரத்தில் அங்கே ஆள் கிடையாது. கண்ணாடிக்காரன் இன்னும் ஓர் இருக்கை தள்ளித்தான்.

நான் தேடி வந்த கூட்டம் உனக்கே இல்லையென்றால், எனக்கு இங்கே என்ன வேலை? மாதக் கடைசியில் அட்டையைக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

சித்தப்பா

*

ஆகஸ்ட் 27

சித்தப்பா,

உங்கள் கடிதத்தை ஆபீசில், சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். அந்த நேரத்தில் என் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். இங்கே புத்தகத்துக்குப் பதில் போன்.

முதல் நாள் வீட்டுக்கு வந்ததும், "யாரோட சாப்பிட்ட?" என்று சித்தி கேட்டாங்க. யாரும் இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. பக்கத்து மேசையில் காதில் விழுந்ததைச் சொன்னேன். நீங்க ரெண்டு பேரும் சிரித்தீர்கள். நாள் முழுக்கத் திறக்காத வாய்க்கு அந்த அரை மணி நேரம்தான். அப்புறம் நிறுத்தத் தெரியவில்லை. ஊசிக்குக் காய்ச்சல் என்று நான் சொன்னதற்குச் சித்தி மாத்திரை கொடுத்து அனுப்பினாங்களே, அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. தூக்கிப் போட முடியவில்லை.

நான் எழுதிய யோசனைகளில் ஒன்றைக்கூட நான் செய்ததில்லை. செய்யாமல் விட்டதைத்தான் எழுதினேன். மூன்று வருஷம் உட்கார்ந்து யோசித்தவை, அதனால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். செய்து பார்த்த முதல் ஆள் நீங்கள்தான். உங்கள் ஒவ்வொரு கடிதத்துக்கும் ரிசல்ட்டுக்குக் காத்திருப்பது மாதிரி காத்திருந்தேன். அதில் ஓர் அற்பத்தனமும் இருந்தது. உங்களுக்கும் நடக்கவில்லை என்றால், அப்போது தப்பு என்மேல் இல்லை, இல்லையா? பேனா கொடுத்தவன் தள்ளி உட்கார்ந்தான் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. மன்னித்துவிடுங்கள்.

இருங்கள் என்றும் சொல்ல மாட்டேன், வந்துவிடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். இருந்தால், அன்றன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றால் அதையும். நானும் எழுதுகிறேன். கதை வேண்டாம், நம் வீட்டில் அது போதும் போதும் என்கிற அளவுக்கு இருந்துவிட்டது.

நானே ஆரம்பிக்கிறேன். நேற்று யாரும் பேசவில்லை. லிப்டில் ஒருவர், "எந்த மாடி?" என்றார். "நாலு" என்றேன்.

வாலு

*

செப்டம்பர் 4

அன்புள்ள மகளுக்கு,

நடந்தபடி எழுதச் சொன்னாய். கையைக் கட்டிப் போட்ட மாதிரி இருக்கிறது. பரவாயில்லை.

திங்கட்கிழமை அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். கவுண்டர் திறந்துதான் இருந்தது. என்ன வேண்டும் என்று கேட்டார்கள். மணி என்ன என்று கேட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

இன்று காலை மூன்று வகுப்புகள். யாரும் பேசவில்லை. மதியம் மழை. கேன்டீனில் பக்கத்து மேசையிலிருந்து ஒரு பெண் உப்பு கேட்டாள். கொடுத்தேன். சாப்பிட்டு முடித்ததும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

இவ்வளவுதான். நாளைக்கும் போகிறேன்.

உனக்கு எப்படிப் போனது?

சித்தப்பா