பிளவில்லாதவர்களின் மதிப்பெண்

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? அம்மாவுக்கு மூட்டுவலி தவிர இங்கே வேறு குறையில்லை.

மறுபடியும் உதட்டு ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். "இந்தத் தடவையாவது மத்தவங்க மாதிரி ஆயிடுவேன்க்கா" என்ற வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஆஸ்பத்திரியில் என் வேலை மாறிவிட்டது. பிளவு உதட்டோடு பிறந்து தையல் போட்டவர்களிடம் ஒரு கேள்வித்தாள் கொடுப்பார்களே, நீயும் நிரப்பியிருக்கிறாய்: சிரிக்கும்போது முகம் பிடிக்கிறதா, பேசினால் புரிகிறதா என்று. அதில் ஒருவருக்கு நூற்றுக்கு அறுபது வந்தால் நல்லதா, மோசமா? ஒப்பிட்டுப் பார்க்க அளவில்லை. அதனால் பிளவே இல்லாதவர்களிடமும் வீடு வீடாக, கடை கடையாகப் போய் அதையே கேட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

படியேறி இறங்கிக் கால் ஓய்ந்துவிட்டது. பாதிப் பேர் கதவே திறப்பதில்லை. ஒரு மெக்கானிக், "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையேக்கா, என்னை எதுக்குக் கேக்குறீங்க?" என்றான். "ஒண்ணும் இல்லாதவங்கதான் வேணும்" என்றேன். சிரித்துவிட்டான், சிரித்ததுமே பல்லைக் கையால் மறைத்துக்கொண்டான்.

துணிக்கடையில் நிற்கும் ஒரு பெண், அப்படியொரு லட்சணம். கண்ணாடியில் முகம் பார்க்கப் பிடிக்குமா என்ற கேள்விக்கு, 'எப்போதும் பிடிக்காது' என்று குறித்தாள். "யாருமே இதைக் கேட்டதில்லக்கா" என்று அழுதும்விட்டாள்.

பிளவில்லாதவர்களுக்கும் முகத்தில் இவ்வளவு குறைந்த மதிப்பெண்ணா என்று பெரிய டாக்டர் நம்பவில்லை. நான் கேட்ட விதம்தான் தப்பு என்று, வேறு தெருக்களுக்கு வேறொரு பெண்ணை அனுப்பினார். அவளும் அதே மாதிரித் தாள்களோடுதான் திரும்பினாள். எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரிம்மா, போய்ச் சாப்பிடு" என்றார் என்னிடம். அவ்வளவுதான்.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். பேச்சுக் கேள்விகளில் பிளவில்லாதவர்களுக்கு நல்ல மதிப்பெண்தான். அங்கே வித்தியாசம் இருக்கிறது. முகத்தைப் பற்றிக் கேட்டால்தான் ஆளுக்கு ஆள் தலை குனிகிறார்கள். நீ யார் மாதிரி ஆக வேண்டும் என்கிறாயோ, அவர்களைத் தெருத்தெருவாகத் தேடிவிட்டேன். எனக்கு அகப்படவில்லை.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. உதடு உன்னுடையது, வலியும் உன்னுடையது. செய்துகொள்வதானால் உனக்காகச் செய்துகொள்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உன்னை உள்ளே கொண்டுபோகும்போது வெளியே யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று மட்டும் எழுது. யாரும் இல்லையென்றால் எழுதவே வேண்டாம், நானே கிளம்பி வந்துவிடுகிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா