மூன்றாவது பூச்சு

20 ஜனவரி 2025, திங்கள்

சானமாவு காட்டுச் சாலையில் யானைகள் இறங்கியிருப்பதாகச் சொல்லி வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். முக்கால் மணி நேரம். முன்னால் நின்ற கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். பொறாமையாக இருந்தது.

கோயிலுக்குப் போனால் தரையில் பார்வதியின் கன்னம். நகக்கண் அளவு ஒரு சில்லு. சிவன் பார்வதி கல்யாணம் வரைந்த மண்டபச் சுவர் இது. முந்நூறு வருடம் நின்ற ஓவியம் இப்போது பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. சாஜித் கதவைச் சாத்திவிட்டுப் புற ஊதா விளக்கைப் பிடித்தான். ஆறு வருடமாக என்னோடு வேலை செய்யும் வேதியியல்காரன். சுவர் முழுக்க நீலமாக ஒளிர்ந்தது. பிளாஸ்டிக் பூச்சு.

"எவனோ ஷோரூம் கார் மாதிரி பூசி வெச்சிட்டுப் போயிருக்கான், ப்ரியா."

"ஆமா" என்றேன்.

எவனோ இல்லை. நான்தான். 2011, இதே கோயிலில் ஓவியப் பாதுகாப்புப் பயிற்சி முகாம். மேற்பார்வையாளர் ஒரு பூச்சு போதும் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போயிருந்தார். ஊர்க்காரர்கள் மினுமினுப்பைப் பார்த்து வாய் நிறையப் பாராட்டினார்கள். நான் மூன்று பூசினேன்.

இந்த வருடச் சீரமைப்புப் பட்டியலில் இந்தக் கோயிலைப் பார்த்ததும் நானே கேட்டு வாங்கினேன். யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று.

21 ஜனவரி

சாஜித்திடம் சொல்லவில்லை. நாளை.

24 ஜனவரி, வெள்ளி

கமிட்டிக் கூட்டம். தலைவர் திருமலை காரணம் கேட்டார். "ஈரம்" என்றேன். பொய் இல்லை. "எங்கிருந்துங்க வருது ஈரம்?" என்றார். என் பார்வை மண்டப மூலையில் கவிழ்த்து வைத்திருந்த பக்கெட்டுகளுக்குப் போனது. அவரும் அங்கே பார்த்தார்.

இந்த ஊரில் ஒவ்வோர் அமாவாசைக்கும் முதல் நாள் பெண்கள் கூடி மண்டபத்தைக் கழுவுவார்கள். முன்னால் நிற்பவர் சரோஜம்மாள். சாவியும் அவரிடம்தான்.

"அப்போ கழுவறத நிறுத்திடலாம். சாவிய நான் வெச்சுக்கறேன்" என்றார் திருமலை.

நான் தலையாட்டினேனா? ஆட்டினேன். எழுதியே விடுகிறேன், ஆட்டினேன்.

28 ஜனவரி, செவ்வாய்

பதினோரு பெண்கள், பக்கெட்டும் விளக்குமாறுமாக. கதவுக்கு வெளியே.

"எங்க மாமியார் காலத்துல இருந்து கழுவறோம். அப்பெல்லாம் உதிரலையே, மேடம்" என்றார் சரோஜம்மாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"இப்போ நிலைமை வேறம்மா" என்றேன். அந்தக் குரல் எனக்கே பிடிக்கவில்லை, டிவியில் பேசுகிற நிபுணர் குரல். கொண்டுவந்த தண்ணீரை வேப்பமரத்தடியில் ஊற்றிவிட்டுப் போனார்கள். ஒருத்தி தெலுங்கில் ஏதோ சொன்னாள். புரியவில்லை. புரியாததே நல்லது.

6 பிப்ரவரி

ஜெல் வேலை செய்கிறது. மெல்லிய தாளை ஒட்டி, அதன்மேல் கரைப்பான் ஜெல்லைத் தடவி, பத்து நிமிடம். பிறகு பஞ்சுக்குச்சியை உருட்டினால் பூச்சு தோலாட்டம் கழன்று வருகிறது. அடியில் வெள்ளையாக உப்பு. கல்லிலிருந்து ஏறிய ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியேறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, அத்தனை காலமும். சுவர் மூச்சு விட்டிருக்கு. நான்தான் மூக்கையும் வாயையும் பொத்தினேன். அந்தப் பொம்பளைங்க என்ன செஞ்சாங்க பாவம்?

12 பிப்ரவரி

பார்வதியின் இடது கண் போய்விட்டது. பஞ்சோடு வந்துவிட்டது. மறுபடி வரையக் கூடாது, அது எங்கள் விதி. அந்த இடத்தில் வெறும் சாந்துதான் இருக்கும்.

சாப்பிடவில்லை.

18 பிப்ரவரி, செவ்வாய்

சாஜித்திடம் சொன்னேன். டீயைக் கீழே வைத்தான்.

"அன்னிக்கு எல்லாரும் அதத்தான் பூசினாங்க. பாடத்துலயே இருந்துச்சே."

"நான் மூணு பூசினேன்."

"சரி, அதையும் விடு. அந்தம்மா மேல பழி போச்சே. அது எந்தப் பாடத்துல இருக்கு?"

அவனோடு சண்டை போடலாம் என்று பார்த்தேன். போட ஒன்றுமில்லை.

24 பிப்ரவரி, திங்கள்

கமிட்டியைக் கூட்டச் சொன்னேன். சரோஜம்மாளையும் மற்ற பெண்களையும் வரச் சொன்னேன். எழுதி வைத்திருந்த தாள் பையிலேயே இருந்தது. "கழுவினதால உதிரல. பதினாலு வருசத்துக்கு முன்னாடி நான் பூசினதால உதிர்ந்துச்சு. தெரிஞ்சேதான் பேசாம இருந்தேன்" என்றேன்.

திருமலை சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சரோஜம்மாள்தான் பேசினார்.

"எனக்குத் தெரியும். ஏணி மேல நின்னு விசிலடிக்கிற பொம்பளைய ரெண்டு தடவதான் பாத்திருக்கேன். ரெண்டு தடவயும் நீதான்."

"ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். அமாவாசையும் போச்சு."

பிறகு திருமலையிடம் கையை நீட்டினார். சாவி வந்தது.

26 பிப்ரவரி, புதன். சிவராத்திரி

காலையில் அறிக்கையை முடித்தேன். முன்பு பூசியவர்: மோகனப்ரியா, 2011. நீக்கியவர்: மோகனப்ரியா, 2025. பொருக்குகளைப் பிடித்து நிறுத்த இப்போது நானோ சுண்ணாம்பு செலுத்தியிருக்கிறோம். மிக நுண்ணிய சுண்ணாம்புத் துகள், சுவருக்குச் சொந்தமான பொருள்தான். இதைப் பின்னால் நீக்கும் வழி என்ன என்று படிவம் கேட்கிறது. இல்லை என்று எழுதினேன். தவறென்றால் யாரைக் கேட்பது என்பதற்கு என் போன் நம்பரையும் எழுதினேன்.

மதியம் பெண்கள் வந்தார்கள். ஹோஸ் பைப் வேண்டாம், பக்கெட் போதும், சுவரோரம் ஈரத்துணி மட்டும் என்று கேட்டுக்கொண்டேன். "முன்னயும் அப்படித்தான செஞ்சோம்" என்று ஒரு துணியை என் மேல் எறிந்தார் சரோஜம்மாள். பார்வதிக்குக் கீழே இருக்கும் மூலை எனக்கு. முட்டி போட்டுத் துடைத்தேன். ஒற்றைக் கண்ணோடு அவள் மேலே இருந்தாள், நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பாதி துடைத்திருப்பேன். பின்னாலிருந்து சரோஜம்மாள் குரல்.

"ஏம்மா, விசில் சத்தத்தையே காணோம்?"