செல்லத்துக்குப் போட்ட சோப்பு

1957 ஜூலை 6, சனி. தென்காசி.

காலையிலிருந்து சாரல். போன வாரம் ஊற்றிய சோப்பு இன்னும் இறுகவில்லை. ஈரக்காற்று.

வீட்டுக்காரர் குற்றாலத்தில். சீசனுக்கு வாடகை வீடு. கூட, ஆய்க்குடிக்காரி செல்லம். போன மாதம் கோயிலில் வைத்துத் தாலி கட்டியிருக்கிறார். எனக்குச் சொன்னது எண்ணெய்க்கடைக்காரர் மனைவி. “ஒனக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்.”

சோப்புக் கம்பெனி அவர் பெயரில். எண்ணெயோடு சேர்க்கும் காஸ்டிக் சோடா அளவெல்லாம் என் கணக்கு. இன்டர்மீடியட் படித்தது அதற்காவது ஆச்சு.

ஜூலை 9, செவ்வாய்.

வந்தார். “ஏட்டி, செல்லத்துக்கு ரோஸ் வாசனையா ஒரு சோப்பு போட்டுக் குடு. கடைச் சோப்பு ஒத்துக்கிட மாட்டேங்குது அவளுக்கு.”

வெட்கமே இல்லை. சரி என்றேன்.

எண்ணெய் ஒரு மூலக்கூறுக்குக் காஸ்டிக் மூன்று மூலக்கூறு. மூலக்கூறு எடை: தேங்காயெண்ணெய் 650, காஸ்டிக் 40. மூன்று நாற்பது 120. 120 ÷ 650 = 0.18. ஆக, பத்து ராத்தல் எண்ணெய்க்கு 1.8 ராத்தல். எப்போதும் 1.75 தான் போடுவேன். எண்ணெய் மிஞ்சினால் தோலுக்கு இதம். காஸ்டிக் மிஞ்சினால் தோலைத் தின்றுவிடும்.

இவளுக்குப் பத்து ராத்தலுக்கு 2.5 போட்டேன்.

ஜூலை 17, புதன்.

வெட்டினேன். மிஞ்சின காஸ்டிக் மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. துடைத்தேன். வாசனை ஜோர். விரல் நுனி எரிந்தது. சந்தோஷம். ரோஸ் காகிதம் சுற்றி அவர் கையிலேயே கொடுத்தேன்.

புளி தீர்ந்துவிட்டது. வாங்கணும்.

ஜூலை 20, சனி.

தகவல் இல்லை. பால்காரி சொல்லுதா, அவளுக்குப் பத்தொன்பது வயசுதானாம். யார் கேட்டது? உரியட்டும் முகம்.

ஜூலை 21, ஞாயிறு.

நல்ல வெயில். வாசலில் ஒரு பெண். “அக்கா, நான்தான் செல்லம்.”

முகத்துக்கு ஒன்றுமில்லை. உள்ளங்கை இரண்டும் சிவந்து, தோல் உரிந்து.

“இப்படி எரிக்கும்னு எனக்கு...” பொய்யை முடிக்க விடவில்லை அவள்.

“தொட்டதுமே தெரிஞ்சுபோச்சுக்கா. அதுக்குப் பொறவுதான் அவுகள உக்கார வச்சு முதுகு பூரா தேச்சுவிட்டேன்.”

“ஏம்ட்டி?”

“யாரு போட்ட சோப்புன்னு கேட்டேன். வீட்டுக்காரி போட்டதுன்னு வாய்தவறிச் சொல்லிட்டாக. மொதப் பொண்டாட்டி செத்துப்போயிட்டான்னு சொல்லித்தான என்னைக் கெட்டுனாக. செத்தவ எப்படிக்கா சோப்பு போட்டுக் குடுப்பா?”

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. பிறகு அழுகை. அவள் கையைத் தண்ணீரில் வைத்து, துடைத்து, நெய் தடவினேன். பிடித்த கையை விட மனசில்லை.

மத்தியானம் அவர். சட்டை போட முடியாமல் துண்டோடு வந்திருக்கிறார். “ஏட்டி, கதவத் தெற! அவ இங்கனதான் இருக்கா?”

செல்லம் என்னைப் பார்த்தாள். எழுந்து போய் மேல் தாழ்ப்பாளையும் போட்டேன்.

இன்னும் கதவைத் தட்டுதான்.