மூச்சு பார்த்து அனுப்பினார்கள்

என் செல்ல மகனுக்கு,

அம்மாவின் அன்பும் ஆசியும். இங்கே எல்லோரும் சுகம், நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். உன் அக்கா குழந்தையோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். பிள்ளை மாதம் நிறையாமல் பிறந்தவள் அல்லவா, பால் நன்றாகக் குடிக்கத் தொடங்கியதும் போன வாரமே கூட்டிப்போகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உன் அப்பா நீ அனுப்பிய குழந்தை சீட்டைக் காரில் மாட்டித் தயாராக நின்றார். நர்ஸம்மாவோ அதைக் கழற்றி வார்டுக்குக் கொண்டுவரச் சொன்னார். "கார்ல வைக்கிறத இங்க எதுக்குக் கேக்கறாங்க?" என்று அப்பா முணுமுணுத்தார். அதில் உட்காரவைத்து மூச்சைப் பார்த்த பிறகுதான் அனுப்புவார்களாம். வார் மாட்டி உட்காரவைத்து, மூச்சைக் காட்டும் மெஷினையும் இணைத்தார்கள். பிள்ளை சிணுங்கவே இல்லை, சுகமாகத் தூங்குகிறாள் என்றே நினைத்தேன். தலை மெல்லச் சரிந்து மோவாய் நெஞ்சைத் தொட்டது. உடனே மெஷின் கத்தியது. நர்ஸம்மா ஒரே எட்டில் வந்து தலையை நிமிர்த்தி, வாரை அவிழ்த்துத் தூக்கினார். நீலம் பாய்ந்த உதடு மறுபடி சிவந்தது. "சீட்டுல குறை இல்லம்மா, கழுத்து இன்னும் நிக்கல. மடங்குனா மூச்சு அடைச்சுக்கும்" என்றார். சத்தமே இல்லாமல் ஓர் உயிர் தடுமாறியதை நாங்கள் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். அப்பா சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அன்று அனுப்பவில்லை. சில நாள் கழித்துச் சீட்டின் சாய்வைச் சரிபார்த்து மறுபடி உட்காரவைத்தார்கள். எல்லோரும் மெஷினைப் பார்க்க, உன் அக்கா குழந்தையின் நெஞ்சையே பார்த்தாள். நானும் பார்த்தேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற நெஞ்சு, ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒருமுறைகூடத் தவறவில்லை. நாமெல்லாம் நினைக்காமலே செய்கிற காரியம் இவ்வளவு பெரியது என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. "கூட்டிட்டுப் போங்க" என்றார் டாக்டர்.

எல்லோரையும் முந்துகிற உன் அப்பா, ஹாரன் அடித்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டு ஊர்ந்து வந்தார். அக்கா பின்சீட்டில் குழந்தை பக்கத்திலேயே இருந்தாள். வாசலில் நிறுத்தியபோது பிள்ளை அசந்து தூங்கினாள். "எழுப்பாதம்மா, சீட்டோட உள்ள வச்சிடலாம்" என்றார் அப்பா. "வேணாம்ப்பா, இது கார்ல மட்டும்தான். வீட்ல சமமான படுக்கைல மல்லாக்கத்தான் தூங்கணும்" என்று அக்கா தூக்கினாள். பிள்ளை விழித்து வீடே அதிர அழுதாள். அந்த அழுகையை அமர்த்த எங்கள் யாருக்கும் மனசு வரவில்லை, சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

நீ நூறு வயது நன்றாயிரு. வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிடு, மருமகளைக் காட்டுகிறேன்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா