மூன்றாவது பள்ளி

இல்லை அக்கா, நான் சொல்லவில்லை. அவராகவேதான் உள்ளங்கையால் கண்ணைப் பொத்திக்கொண்டார். இந்த வளைகுடா ஊரில், ரூவியில், டிரைவிங் லைசென்ஸுக்குக் கண் காட்டக் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தானே. இன்று காலை ஒரு லாரி டிரைவர். விரல்களுக்கு நடுவே இடைவெளி. பொத்திய கண் அதன் வழியே எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தது. "சிஸ்டர், ஜல்தி" என்று அவசரப்படுத்தினார். அவர் கையை விலக்கி, அட்டையால் மூடினேன். அதன்பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

நேபாளம். நம்முடைய அந்த ஒரு மாத லீவு.

நீங்கள் கண் வார்டு நர்ஸ். நான் கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவள். ஒரே ஃபிளாட், ஒரே சமையல். மலை மாவட்டம் ஒன்றில் குழந்தைகளுக்குக் கண் மையம் தொடங்குகிறார்கள், பள்ளிகளுக்குப் போக ஆள் இல்லை என்று நீங்கள்தான் கேள்விப்பட்டு வந்தீர்கள். ஊருக்குப் போகவேண்டிய லீவில் காட்மாண்டுவுக்கு டிக்கெட் எடுத்தோம். ஜீப்பில் கண்ணை இறுக மூடி ஜெபமாலை உருட்டினீர்கள். "கடல்ல எந்த அலைக்கும் பயமில்ல மக்ளே. இந்த ரோடு கொன்னு போடும்."

நீங்கள் மையத்தில் அறுவை சிகிச்சைக்கு உதவிக்கொண்டிருந்தீர்கள். முதல் மூன்று பள்ளிகளை நான் தனியாக முடித்தேன். ரூவி வேகம். கையால் பொத்து, எழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது காட்டு, அடுத்த ஆள். பெயர்களுக்கு எதிரே "குறை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

நான்காவது பள்ளிக்கு நீங்களும் வந்தீர்கள். நான் அனுப்பிவிட்ட ஒரு சிறுமியைத் திரும்பக் கூப்பிட்டு, உங்கள் கையாலேயே அவள் வலது கண்ணை மூடினீர்கள். தட்டிவிட்டாள். மறுபடி மூடினீர்கள். அழுதாள். இடது கண்ணில் பார்வை அநேகமாக இல்லை. என்னிடம் வலது கண்ணால் விரலிடுக்கில் பார்த்துப் பதில் சொல்லியிருக்கிறாள்.

"பிள்ளையளாக்கும் மக்ளே. லைசென்ஸ் எடுக்க வந்த டிரைவர்மாரில்ல." சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். பிறகு சிரிப்பு நின்றது. "அப்போ அந்த மூணு ஸ்கூலு?"

லீவு முடிய நான்கு நாள். மூளை ஒரு கண்ணைக் கைவிட்டுவிட்டால், சிறு வயதிலேயே நல்ல கண்ணை மூடி மூடித்தான் மற்றதை எழுப்ப வேண்டும். வளர்ந்தபின் பெரும்பாலும் முடியாது. நம் இருவருக்கும் தெரியும். இரண்டு பள்ளிகளை ஓடி ஓடித் திரும்பப் பார்த்தோம். இரண்டிலும் நான் தவறவிட்ட குழந்தைகள் இருந்தார்கள். மூன்றாவதற்குப் போகும் வழியில் மழை. மண் சரிந்து பாதையே இல்லை.

"அடுத்த லீவுல முதல்ல அங்கதான்" என்றீர்கள்.

அடுத்த லீவுக்கு முன்னால் உங்களுக்குக் கட்டி என்றார்கள். ஊருக்குப் போனீர்கள். கடைசி போனில் உங்கள் குரல் நூலாக இருந்தது. "மூணாவது ஸ்கூலத் திரும்பப் பாக்கணும்னு மையத்துக்கு எழுதினியா?"

"எழுதிட்டேன்க்கா."

எழுதவில்லை. என் கையெழுத்தை நானே பொய் என்று எப்படிச் சொல்வது? அன்று வெட்கம். நீங்கள் இறந்தபின் அதற்கு வேறு வேறு பெயர்கள் வைத்துக்கொண்டேன்.

போன வாரம் அந்தக் கண் மையத்திலிருந்து மின்னஞ்சல். மலைக்கு அந்தப் பக்கம் இன்னும் இரண்டு மையங்கள் திறக்கிறார்கள். எந்தப் பள்ளிக்கு எப்போது போவது என்ற பட்டியலும் இருந்தது. மூன்றாவது பள்ளி கடைசியில். பக்கத்தில் காரணம்: ஏற்கெனவே பரிசோதித்தது, குறை இல்லை. அதன் கீழே என் பெயர்.

அன்று முதல் வகுப்பில் இருந்தவர்கள் இப்போது மூன்றாம் வகுப்பு. சிலருக்கு இன்னும் நேரம் இருக்கலாம். இருக்கலாம். ஒரு வாரமாக இந்தச் சொல்லோடு கடைக்கும் ரூமுக்கும் நடக்கிறேன். உங்கள் முகம்கூடச் சில நாள் மங்கலாகத்தான் வருகிறது அக்கா. அந்தக் கேள்வி மட்டும் அப்படியே, உங்கள் குரலில்.

இன்று மதியம் கடை அடைத்ததும் நெட் சென்டருக்குப் போனேன். மூன்றாவது பள்ளியை நான் சரியாகப் பரிசோதிக்கவில்லை, என் கையெழுத்தை நம்பவேண்டாம், முதலில் அங்கே போங்கள் என்று எழுதி அனுப்பினேன்.